ஆட்டுப்பட்டியும் கயோட்டியும்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் ஹில் கன்ட்ரி என்கிற குன்றுப் பகுதியில் 20 ஏக்கர், வெள்ளாடு 18, கோழிகள், ஒரு கழுதை, இரண்டு காவல் நாய்கள். வந்து 12 வருடம் ஆகிறது. நான் விலங்கியல் படித்தவள் இல்லை, காங்கேயம் பக்கம் ஆடு மேய்த்த வீட்டுப் பெண், இங்கே கற்றதில் பாதி குட்டிகளைப் பறிகொடுத்துக் கற்றது. இந்த நாட்டில் நிலம் வாங்கிய நம்மவர்கள் ஆளாளுக்குக் கயோட்டி பற்றிக் கேட்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அக்கா, கயோட்டி என்றால் நம்ம ஊர் நரிதானே? ஆளைக் கடிக்குமா?

கிட்டத்தட்ட நரிதான், கொஞ்சம் பெரிது. ஊரில் குள்ளநரி பார்க்கிற வேலையை இங்கே இது பார்க்கிறது. எலி, முயல், செத்த மான், உதிர்ந்த பழம், அகப்பட்டால் கோழியும் குட்டியும். ஓநாயை இந்த நாட்டில் ஏறக்குறைய ஒழித்த பிறகு அது விட்டுப்போன இடமெல்லாம் இது பரவிவிட்டது, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் உண்டு. ஆளைக் கொன்றதாகப் பதிவானது அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து இரண்டே தடவை: 1981இல் கலிபோர்னியாவில் 3 வயதுக் குழந்தை, 2009இல் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இளம்பெண். நாய் கடித்துச் சாகிறவர்கள் இங்கே வருடத்துக்குப் பல டஜன். எதிரே வந்தால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள், கையைத் தூக்கிக் கத்துங்கள், கூட வந்த குட்டி நாயைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி பத்துப் பதினைந்து சேர்ந்து ஊளையிடுகின்றன அக்கா, தூக்கமே இல்லை.

எண்ணிப் பார்த்தால் இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் குரலை மாற்றி மாற்றி ஊளையிடும், பாறையிலும் மரத்திலும் பட்டு அது கும்பல் மாதிரி கேட்கும். தூங்குங்கள் தம்பி.

காலையில் ஒரு கிடாய் பாதி தின்ற நிலையில் கிடந்தது. கயோட்டிதான் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சத்தியம் செய்கிறார்.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு தாடைக்குக் கீழே கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். கயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பிடித்துத்தான் கொல்லும். பல் பட்ட ஓட்டையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் ஆட்டை உயிரோடு பிடித்திருக்கிறது. ரத்தக்கட்டு எங்குமே இல்லையென்றால் ஆடு வயிறு உப்பியோ பூச்சி வைத்தோ முன்பே செத்திருக்கும், கயோட்டி வந்து தின்றதோடு சரி. பின்னங்கால், காது, விலா என்று கண்ட இடமெல்லாம் கிழிந்து, நாலைந்து ஆடு அடிபட்டு, எதையும் பெரிதாகத் தின்னாமல் போயிருந்தால் அது நாய், சில நேரம் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரின் நாயாகவே இருக்கும். சருகும் புல்லும் போட்டு மூடி வைத்திருந்தால் பூனைச் சாதி, அதாவது பாப்கேட் அல்லது மலைச் சிங்கம். அப்புறம், செத்த ஆட்டை ஓடைக்கரையில் வீசுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், ஆட்டுக்கறி ருசியைக் கயோட்டிக்கு நாமே காட்டிவிடுகிறோம்.

சுட்டுத் தள்ளினால் என்ன? இங்கே தடையும் இல்லையே.

டெக்சாஸில் தடைக்காலம் கிடையாது, சுடலாம். குட்டி பிடித்துப் பழகிவிட்ட ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் வேறு வழியில்லை, நானும் ஒரு முறை ஆள் வைத்து முடித்திருக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவதுதான் வீண். ஜோடி ஜோடியாக எல்லை பிடித்து வாழ்கிற மிருகம் அது. ஒரு ஜோடியை எடுத்தால் அந்த இடத்துக்கு ஊர் சுற்றும் இளவட்டங்கள் வந்து சேரும், உங்கள் வேலியும் தெரியாது, நாயும் தெரியாது, எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும். நூறு வருடத்துக்கு மேலாக விஷம், பொறி, துப்பாக்கி, ஹெலிகாப்டர் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது, கயோட்டி இருக்கும் இடம் கூடியதே தவிரக் குறையவில்லை.

காவலுக்கு நாயா, கழுதையா, ஒட்டகச் சாதியான லாமாவா? எதை வாங்குவது?

நாய்தான் முதல், அதுவும் கிரேட் பிரனீஸ், அனடோலியன் மாதிரி காவலுக்கென்றே வந்த சாதி. எட்டு வாரக் குட்டியிலிருந்து ஆட்டோடு வளர வேண்டும், வீட்டுக்குள் கொஞ்சிக்கொண்டிருந்தால் சோபாவைத்தான் காக்கும். ஒன்றரை, இரண்டு வயது வரை அது விடலைப் பயல், தனியே விடக்கூடாது. இது தெரியாமல் நான் 8 மாத நாயை நம்பிக் குட்டிகளோடு விட்டேன், விளையாட்டாகத் துரத்தி இரண்டைக் கொன்றுவிட்டது. கயோட்டி மேல் பழி போட்டு ஒரு வாரம் காவல் காத்தது தனிக் கதை.

கழுதை என்றால் ஒன்று போதும், இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று கூடிக்கொண்டு ஆட்டை மறந்துவிடும். பெட்டையோ காயடித்ததோ வாங்குங்கள், காயடிக்காத ஆண் கழுதை ஆட்டுக்குட்டிகளையே மிதிக்கும். முக்கியமாக, மொனென்சின் என்கிற மருந்து கலந்த ஆட்டுத் தீவனம் கழுதையை, குதிரையைக் கொல்லும். மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் கொட்டாதீர்கள். லாமா நான் வளர்த்ததில்லை.

ஐந்தடி வேலி போட்டும் கோழி போகிறது.

ஏறிக் குதிப்பதைவிடக் கீழே தோண்டி நுழைவதுதான் அதிகம். ஆறடி உயர்த்துங்கள், அடியில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையோடு படுக்கவைத்துக் கட்டுங்கள், வேலி ஓரத்தில் தோண்டினால் அதில்தான் நகம் சிக்கும். கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள கெட்டி வலை வேண்டும். சிக்கன் வயர் என்று விற்பது கோழியை உள்ளே வைக்கத்தான், ரக்கூன் என்கிற கோழி திருடும் இரவு மிருகம் அதைப் பிய்த்துவிடும், கண் பெரிதாக இருந்தால் கையை விட்டே தலையை இழுக்கும். பகலில் பருந்து தூக்கினால் மேலே வலை போடுங்கள், சுட்டால் மத்திய அரசு வழக்கு.

இதையெல்லாம்விட மலிவானது பொழுது சாயும் முன் அடைப்பது. எங்கள் அப்பத்தா கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்க்காமல் விளக்கு ஏற்றமாட்டார். நான் 12 வருடத்தில் இழந்த கோழிகளில் முக்கால்வாசி, கடைக்குப் போய் நேரமாகிவிட்ட நாட்களில் போனவை.

ஆடு குட்டி போடும் காலத்தில்?

அப்போதுதான் கயோட்டிக்கும் குட்டி, ஏப்ரல், மே. பசி அதிகம். ஊரில் மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்களே, சடங்கோ என்னவோ, நாய் நரி வாசம் பிடித்து வராமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. இங்கே ஆலமரம் ஏது, நான் ஆழக் குழி வெட்டிப் புதைக்கிறேன். முதல் மூன்று வாரம் தாயும் குட்டியும் கொட்டகையை விட்டு வெளியே வராது.

எங்கள் கொல்லை ஓரம் ஒரு கயோட்டி தினமும் எலி பிடிக்கிறது. விரட்டவா?

ஆட்டைத் தொடாதவரை விடுங்கள், கிட்டே வந்தால் மட்டும் சத்தம் போடுங்கள். என் கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடி நாலு வருடமாக இருக்கிறது, என் நாய்களுக்கும் அவற்றுக்கும் எல்லை எங்கே என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். பொந்து எங்கே என்று நான் தேடிப் போனதில்லை. மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை அந்தப் பக்கம் நடைக்குப் போவதையும் நிறுத்திவிடுவேன்.