பழைய மவுண்டன் சைக்கிளைத் திருத்துவது நல்லதா, புதிது வாங்குவது நல்லதா?

கேள்வி: மாமா வீட்டுப் பின்புறத்தில் 1990 அளவில் செய்யப்பட்ட ஜப்பான் மவுண்டன் சைக்கிள் ஒன்று பத்து வருடமாகக் கிடக்கிறது. தினமும் வேலைக்கு ஓடவும், லீவு நாட்களில் சாமான் கட்டிக்கொண்டு மட்டக்களப்பு வரை போகவும் அதைத் தயார் செய்யலாமா? கியர், பெயின்ட் எல்லாம் புதிதாக்க நினைக்கிறேன். இருப்பது உப்புவெளியில்.

பதில்:

உப்புவெளி என்று எழுதியிருக்கிறீர்கள். பதிலில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. திருகோணமலையில் பழைய சைக்கிளைத் தின்பது ஓட்டம் அல்ல, கடற்காற்று. ஆகவே கியரைப் பற்றி யோசிக்கும் முன் மூன்று இடங்களை அசைத்துப் பாருங்கள்: சீட் பைப் மேலும் கீழும் நகர்கிறதா, ஹாண்டில் தண்டு கழன்று வருகிறதா, பெடல் அச்சின் (பெடல் கைகள் இரண்டையும் இணைத்துப் பிறேமுக்குள் சுழலும் அச்சு) இருபக்கக் கோப்பைகள் திரும்புகின்றனவா? மூன்றும் அசைந்தால் மிச்சம் எல்லாம் சில்லறை வேலை. மூன்றும் இறுகியிருந்தால் மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போய், கொள்கலனில் வந்த பழைய ஜப்பான் மவுண்டன் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பிறேமில் ‘டாங்கே குரோமோலி’ (ஜப்பான் நிறுவனம் ஒன்றின் நல்ல உருக்குக் குழாய்) என்ற ஸ்டிக்கரைக் கண்டதும் மனம் சரிந்துவிட்டது. வேறெதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டை உயர்த்தப் போனால் பைப் அசையவே இல்லை. அலுமினியப் பைப்பும் இரும்புப் பிறேமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். அந்தத் தூள் பைப்பைக் குழாய்க்குள் இறுக்கிவிடும். சுத்தியலால் அடித்தேன், சீட்டின் தலைதான் கோணலாகியது. பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுப் பக்கத்தால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு கிழமை விட்டேன். கடைசியில் ஒரு கராஜில் சீட் பைப்பை வைஸில் கடித்துக்கொண்டு, பிறேமையே நெம்புகோல் போலத் திருப்பினோம். பலகை பிளப்பது போல ஒரு சத்தம். வந்துவிட்டது. அதுவும் தோற்றிருந்தால் பைப்பை அறுத்து, மிச்சத்தின் உட்புறத்தை வாளால் நீளவாக்கில் கீறி எடுப்பதைத் தவிர வழி இல்லை. அது இரண்டு நாள் வேலை.

பெடல் அச்சுக் கோப்பைகளில் இன்னொரு சங்கதி. ஜப்பான் மவுண்டன் சைக்கிள்களில் வலப்பக்கக் கோப்பையின் புரி இடஞ்சுழி. வழக்கமான பக்கத்துக்குத் திருப்பினால் இறுகும். கடையில் ஒரு தம்பி என் கண் முன்னே இரும்புக் குழாய் மாட்டி முழுப் பலத்தோடு அதை இறுக்கிக்கொண்டிருந்தான். கழன்றதும் பழைய குண்டுகளை எறிந்துவிட்டு மூடிய வகை அச்சுப் போடுங்கள். வாங்கப் போகுமுன் பிறேமின் அந்தக் குழாய் 68 மில்லிமீற்றரா 73 மில்லிமீற்றரா என்றும், பழைய அச்சின் நீளத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், அந்தக் காலப் பிறேம் அதற்குத் தகுதியானது. உருக்குக் குழாய், முன்னால் ஸ்பிரிங் இல்லாத முள் (முன் சில்லைத் தாங்கும் கவை), கரியரும் மட்காட்டும் பூட்டப் புரியிட்ட துளைகள், குதிகால் பையில் இடிக்காத அளவுக்கு நீண்ட பின்பகுதி. இன்று இதே குணங்களோடு பயணச் சைக்கிள் என்று விற்பதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் உங்களுடையதில் ஸ்பிரிங் முள் இருந்தால் கவனம். அக்காலத்து முள்கள் பலவற்றின் உள்ளே இருக்கும் ரப்பர் துண்டுகள் இப்போது பாகு மாதிரி ஆகியிருக்கும். நேரான முள் ஒன்று தேடி மாற்றிவிடுவதுதான் மலிவு.

டயர் வாங்கும்போது கடைக்காரரிடம் வெறுமனே ‘26’ என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் ஓடும் சாதாரண சைக்கிளின் 26 x 1 3/8 டயரைத் தூக்கித் தருவார். அதன் றிம் விட்டம் 590 மில்லிமீற்றர், உங்களுடையது 559. டயரின் பக்கத்தில் 47-559 அல்லது 50-559 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கட்டை கட்டையாக நிற்கும் சேற்று டயர் வேண்டாம். நம் வீதிகளுக்கு நடுப்பகுதி வழவழப்பான 1.75 அங்குல டயர் போதும். நான் பட்ட செலவில் முழு மனதோடு நியாயம் சொல்லக்கூடியது இந்த ஒன்றைத்தான். அடுத்த நாளே சைக்கிள் வேறு சைக்கிளாகிவிட்டது.

கியரை ஏன் மாற்ற வேண்டும்? ஹாண்டிலின் மேலே கட்டைவிரலால் தள்ளும் பழைய கியர்ப் பிடி இருந்தால் அதைத் தொடாதீர்கள். கிளிக் சத்தம் இல்லாமல் ஓடும் நிலைக்கு அதைத் திருப்ப முடியும் என்றால் கம்பி கொஞ்சம் தளர்ந்தாலும், பின் சில்லில் பற்சக்கரங்களின் எண்ணிக்கை மாறினாலும் அது வேலை செய்யும். சங்கிலியை மட்டும் அளவுகோலால் அளந்து பாருங்கள்: ஓர் ஆணியிலிருந்து, அதை எண்ணாமல், அதற்கடுத்த 24ஆவது ஆணி வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிறேக்குக்கு முதலில் ரப்பர் கட்டைகளை மாற்றிப் பாருங்கள். முப்பது வருடத்து ரப்பர் கல்லாகியிருக்கும். பலர் அதைப் பார்க்காமலே ‘வி-பிறேக்’ (நீண்ட கைகள் கொண்ட பிற்கால றிம் பிறேக்) பூட்டப் போகிறார்கள். பூட்டலாம், ஆனால் பிடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய பிடி இழுக்கும் கம்பியின் நீளம் அதற்குப் போதாது, பிடி ஹாண்டிலில் முட்டிய பிறகும் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

அக்கால மவுண்டன் சைக்கிள்களில் ஹாண்டில் தாழ்வாகவும் தூரமாகவும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கழுத்து பேசும். நான் பழைய ஜப்பான் பெண்கள் சைக்கிளிலிருந்து பின்னால் வளைந்த ஹாண்டில் ஒன்றை எடுத்துப் போட்டேன். பிடிக்கும் பகுதியின் தடிப்பு இரண்டிலும் 22.2 மில்லிமீற்றர் என்பதால் பிறேக் பிடியும் கியர்ப் பிடியும் அப்படியே ஏறிவிட்டன. நண்பர்கள் சிரித்தார்கள்.

மட்டக்களப்புக்கு இப்போது போவது முன்பு மாதிரி இல்லை. கிண்ணியாவில் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குக் காத்திருந்த காலம் போய், 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்தால் கடந்துவிடலாம். பாரம் ஏற்ற முன் பின் சில்லின் அச்சைக் கழற்றி, தட்டையான மேசையில் உருட்டிப் பாருங்கள். திருகிப் பூட்டும் பழைய பிறீவீல் வகை ஹப்பில் அச்சு வளைவது வழக்கம். வளைந்திருந்தால் கசெட் வகை (பற்சக்கரத் தொகுதி ஹப்பில் நழுவி ஏறும் வகை) சில்லுக்கு மாறுங்கள், ஆனால் பிறேமின் பின் இடைவெளி 126, 130, 135 மில்லிமீற்றரில் எது என்று அளந்துகொண்டு. மேற்குப் பக்கத்திலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் போனால் அது வலப்பக்கத்திலிருந்து தள்ளும், பையின் எடையை அந்தக் கணக்கோடு கட்டுங்கள். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணைப் பக்கம் என்றால் பொழுது சாயுமுன் போய்ச் சேருங்கள். யானை கியர் பார்ப்பதில்லை.

செலவு? பெயின்டைத் தவிர்த்து, நான் சொன்னபடி செய்தால் ஒரு சாதாரணப் புதிய சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டும். இலாபத்துக்காகச் செய்கிற வேலை அல்ல இது.

பெயின்ட் வேண்டவே வேண்டாம். துருவைச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் பூசுங்கள். காசு மிஞ்சினால் பிறேமின் உட்புறத்துக்குத் துரு தடுக்கும் எண்ணெய் அடியுங்கள், சீட் பைப்புக்குக் கிறீஸ் பூசுங்கள், நிலாவெளிப் பக்கம் போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். என்னுடையதில் கீறல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பஸ் நிலையத்தருகே நிறுத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மலிவான பூட்டு ஒன்றே இதுவரை போதுமாக இருக்கிறது.