செய்தித்தாளைப் பாடப்புத்தகமாக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடிகிறது. குரூப் 4 தேர்வுக்கு எத்தனை மாத நடப்பு நிகழ்வுகள் படிக்க வேண்டும்? மூன்று மாத இதழ்கள் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட முடிந்தபாடில்லை.
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ராத்திரி இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால் நடப்பு நிகழ்வுகளுக்கு அரை மணிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

தேர்வுக்கு முந்தைய ஓராண்டை முழுதாகப் படியுங்கள். அதற்கும் முந்தைய இரண்டு ஆண்டுகளில் சட்டம், அரசியலமைப்புத் திருத்தம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசுத் திட்டத் தொடக்கம், ‘முதன்முதலாக’ என்று வந்த செய்தி ஆகியவை மட்டும் போதும். மாத இதழ்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூன்றிலும் அதே செய்திதான் வரும்.

குறிப்பு எடுக்கும் முறைதான் பலரையும் கவிழ்க்கிறது. ‘ஜனவரி 1, ஜனவரி 2’ என்று நாள் வாரியாக எழுதாதீர்கள். ஒரு செய்திக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் தலைப்பை மேலே எழுதி, பக்கத்தில் பாதியைக் காலியாக விடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே விஷயத்தில் புதுச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்திலேயே சேரும். நாள் வாரியாக எழுதினால் ஒரே விஷயம் மூன்று நோட்டில் சிதறிக் கிடக்கும். தேர்வுக்கு முந்தின வாரம் அதைத் தேடி எடுக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றி எனக்குத் தெரியாத செய்தியே இல்லை. ஆனால் மாதிரித் தேர்வில் ‘பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக எந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது?’ என்று கேட்டபோது ‘வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972’ என்று எழுதித் தப்பு வாங்கினேன். தெரிந்த ஊரிலேயே ஏன் இப்படி ஆகிறது?
– ஒரு வாசகர், மேலூர்

உங்களுக்குத் தெரிந்தது செய்தி. கேட்கப்பட்டது அந்தச் செய்திக்கு அடியில் இருக்கும் பாடம். இது மிக நல்ல உதாரணம் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக (பலவகை உயிரினங்கள் நிறைந்ததால் பாதுகாக்கப்படும் இடம்) அறிவிக்கப்பட்டது. சட்டம்: உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002, பிரிவு 37. அறிவிப்பது மாநில அரசு, அதுவும் உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு. சரணாலயமும் தேசியப் பூங்காவும்தான் 1972 சட்டத்தின்கீழ் வருபவை. பறவை, விலங்கு என்றதுமே கை 1972-க்குப் போய்விடுகிறது. கேள்வி தயாரிப்பவரும் அதை எதிர்பார்த்துத்தான் அந்த விடையை முதல் வரிசையில் வைக்கிறார். இந்தியாவின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் கர்நாடகத்தின் நல்லூர் புளியந்தோப்பு, 2007. தமிழ்நாட்டின் இரண்டாவது, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில் காடு, 2025. தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னை. இவ்வளவும் அந்தப் பக்கத்தின் மேல் பாதி.

இனி கீழ்ப் பாதி. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2024 டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-இல் மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. தேதிகள் அவ்வளவுதான். ‘நம் மாநில நிலத்தில் மத்திய அரசு எப்படி ஏலம் விட்டது?’ என்று கேட்டுப் பாருங்கள், அரசியலமைப்புப் பாடம் திறக்கும். மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரித்துச் சொல்லும் ஏழாவது அட்டவணையில் சுரங்கம், மத்தியப் பட்டியலில் 54-ஆவது இனம், மாநிலப் பட்டியலில் 23-ஆவது இனம். கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1957-இல் 2023-இல் செய்த திருத்தம், 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு மட்டும் கொடுத்தது. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஏலத்தை மத்திய அரசு நடத்தினாலும் வருவாய் மாநிலத்துக்கு.

அறிவியலையும் விடாதீர்கள். டங்ஸ்டனின் குறியீடு W, ‘வுல்ஃப்ரம்’ என்ற பெயரிலிருந்து வந்தது. அணு எண் 74. உலோகங்களிலேயே மிக அதிக உருகுநிலை, சுமார் 3,422 டிகிரி செல்சியஸ். பழைய குண்டு பல்பின் இழை அதனால்தான் டங்ஸ்டன். ‘டி’ என்றோ ‘டிஎன்’ என்றோ குறியீடு எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

ஊர்ப் பெயரில் தொடங்கி சுற்றுச்சூழல், அரசியலமைப்பு, வேதியியல் என்று மூன்று பாடங்கள் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. அந்த மலையிலேயே சமணர் படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. வரலாற்றுக்கும் நான்கு வரி எழுத இடம் விடுங்கள்.

தேதிகள் குழம்புகின்றன. செப்டம்பர் 15 என்றால் காலை உணவா, மகளிர் உரிமைத் தொகையா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

இரண்டும்தான். அண்ணா பிறந்தநாள் என்பதால் இரண்டுக்கும் அதே நாள். வேறுபடுவது ஆண்டும் ஊரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் திருக்குவளையில் தொடங்கியது இதன் விரிவாக்கம். ‘எங்கே தொடங்கப்பட்டது?’ என்ற கேள்வியில் திருக்குவளையும் ஒரு விடையாக நிற்கும், கவனம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். ஊரோடு சேர்த்து நினைவில் வையுங்கள், தேதி தனியாக நிற்காது.

இதே மாதிரிச் சறுக்கல் இன்னும் மூன்று இடங்களில் உண்டு. ஒன்று, மசோதா எண்ணும் திருத்த எண்ணும். மகளிர் இடஒதுக்கீடு 128-ஆவது மசோதா, ஆனால் 106-ஆவது திருத்தம் (2023). பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதம் 124-ஆவது மசோதா, 103-ஆவது திருத்தம். சரக்கு மற்றும் சேவை வரி 122-ஆவது மசோதா, 101-ஆவது திருத்தம். செய்தித்தாளில் முதலில் வருவது மசோதா எண் என்பதால் அதுவே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, சட்டம் நிறைவேறிய நாளும் நடைமுறைக்கு வந்த நாளும். புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் 2023 டிசம்பரில் நிறைவேறின, நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. மூன்று, விண்வெளி. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் ஏவப்பட்டது 2023 செப்டம்பர் 2, எல்-1 புள்ளியைச் சென்றடைந்தது 2024 ஜனவரி 6.

ஜல்லிக்கட்டு பற்றி எதைப் படிப்பது?
– ஒரு வாசகர், அலங்காநல்லூர்

2014 மே 7, ஏ. நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை. 2017 ஜனவரி, மெரினா போராட்டத்தைத் தொடர்ந்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-க்குத் தமிழ்நாட்டின் திருத்தம். 2023 மே 18, அந்தத் திருத்தம் செல்லும் என்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு. உங்கள் ஊரை ஒட்டிய கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தது 2024 ஜனவரி 24. ராமநாதபுரம் மாவட்டக் கீழக்கரை வேறு, இது மதுரை மாவட்டம். பொருத்துக வகையில் இது வந்தால் பாதிப் பேர் விழுவார்கள்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்ற தீர்ப்பும் அதே 2014 மே 7-இல் வந்ததுதான். அணை 1895-இல் கட்டி முடிந்தது, இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில்.

சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு? மதுரைக்கு வேறு என்னென்ன?
– ஒரு வாசகி, சோழவந்தான்

வெற்றிலை 2023. மதுரை மல்லி 2013. சுங்குடிச் சேலை 2005. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றியது, நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. பதிவகம் சென்னையில். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இது எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டால், பூவும் வெற்றிலையும் விளைபொருள் என்பதால் ‘வேளாண் அமைச்சகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை வணிகம் மற்றும் தொழில் அமைச்சகம்.

எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் விஷயங்களை என்ன செய்வது? ராம்சார் தலங்களின் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) எண்ணிக்கையை மூன்று முறை அடித்து எழுதிவிட்டேன்.
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள், ஊரைப் பேனாவில் எழுதுங்கள். 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை 20 ஆனது. மாநிலத்தின் முதல் ராம்சார் தலம் கோடியக்கரை, 2002. ‘முதல்’ மாறாது, மாவட்டம் மாறாது, கேள்வி பெரும்பாலும் இவற்றில்தான். எண்ணை மட்டும் தேர்வு அறிவிக்கை வந்த வாரத்தில் ஒருமுறையும் தேர்வுக்கு முந்தின வாரத்தில் ஒருமுறையும் சரிபாருங்கள்.

தெரியாத கேள்விக்கு ஊகித்து எழுதலாமா?
– ஒரு வாசகி, செக்கானூரணி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நான்கில் இரண்டை நீக்க முடிந்தால் மிச்சம் இரண்டில் ஒன்றைத் தயங்காமல் நிரப்புங்கள். ஆனால் ரயில்வே, எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுகளும் சேர்த்து எழுதுபவர் என்றால் அங்கே இந்தப் பழக்கம் ஆபத்து. ரயில்வேயில் ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். எஸ்.எஸ்.சி.யின் பட்டதாரி நிலைத் தேர்வான சி.ஜி.எல். முதல் நிலையில் 0.50 போகும். மாதிரித் தேர்வு எழுதும்போதே எந்தத் தேர்வுக்கான பயிற்சி என்று தாளின் தலையில் எழுதிவிட்டு, அதன் விதிப்படி மதிப்பெண் போட்டுப் பழகுங்கள்.