வாசகர் கேள்வி, அக்கா பதில்: பொண்ணு கிடைச்சுட்டா கதை முடிஞ்சுதா?

கேள்வி: அக்கா, நான் ஒரு த்ரில்லர் நாவல் எழுதிட்டிருக்கேன். காசிமேட்டுல ஒரு குடும்பம், அப்பா லாஞ்ச்ல கடலுக்கு போறவர், அம்மா மீன் விக்கறாங்க. 11 வயசு பொண்ணை யாரோ கடத்திட்டு போயிட்றாங்க, 40 நாள் கழிச்சு கிடைச்சுட்றா, கடத்தினவன் மட்டும் சிக்கல. அதுக்கப்புறம் அந்த குடும்பம் எப்படி தேறி வருதுன்னு எழுத ஆசை. படிச்ச ஃப்ரெண்டு "பொண்ணு வந்ததும் கதை முடிஞ்சுது, மிச்சம் 200 பக்கமும் அழுகாச்சி"ன்னு சொல்றான். என்ன பண்ணட்டும்? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: அவன் சொல்றதுல பாதி கரெக்ட்மா. நீ அனுப்பின மூணு அத்தியாயத்துலயும் அம்மா அழறாங்க, பாட்டி அழறாங்க, பாக்க வந்த எதிர்வீட்டம்மாவும் உக்காந்து அழறாங்க, பயம் எங்க?

நான் கொருக்குப்பேட்டைல வளர்ந்தவ. சின்ன வயசுல எங்க தெருவுல ஒரு பையன் ஒரு ராத்திரி காணாம போயி மறுநாள் மத்தியானம் கிடைச்சான், ஒரே ஒரு ராத்திரி தான். அதுக்கப்புறம் தண்ணி லாரி வந்தா அவங்கம்மா இடுப்புல குடம், இன்னொரு கையில அவன் சட்டைக் காலர், அப்படியே தான் நடப்பாங்க, வீடு போய் சேர்றதுக்குள்ள பாதி தண்ணி சிந்திடும். தூங்கும்போது முந்தானையை அவன் கால்ல முடிச்சு போட்டுக்குவாங்கன்னு எங்கம்மா சொல்வாங்க. அந்த முடிச்சை சத்தமில்லாம அவுக்க அவன் என்னிக்கு கத்துக்கிட்டான்னு எழுதிப் பாரு, யாரும் புக்கை கீழ வெக்க மாட்டாங்க.

அப்புறம் உன் கதைக்கு ஊர்லயே ஒரு கெடு இருக்கு, நீ கவனிக்கவே இல்ல. வருஷா வருஷம் ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்கு கடற்கரைல மீன்பிடி தடைக்காலம். பொண்ணு மார்ச் ஆரம்பத்துல காணாம போனான்னு வெச்சுக்க, அப்போ அப்பா கடல்ல. அவ திரும்பி வர நேரம் லாஞ்ச் எல்லாம் கரைல நிக்குது, வலை தைக்கறது, இஞ்சினைப் பிரிச்சு மாட்டறது, பெயிண்ட் அடிக்கறதுன்னு வேலை நடக்குது, அப்பா ராத்திரி வீட்டுல படுக்கறார். அந்த 61 நாள் தான் உன் நாவல். நிவாரணப் பணம் வட்டிக்கே போயிடும், தடை முடிஞ்சா அவர் போயே ஆகணும், போனா திரும்பி வர பத்து நாளுக்கு மேல ஆகும், அம்மாவும் விடியறதுக்கு முன்னாடி ஏலத்துக்கு கிளம்பியாகணும், அந்த இருட்டுல வீட்டுல யாரு இருப்பா? ஜூன் 13 அன்னிக்கு ஐஸ் ஏத்தற சத்தம் கேட்டதும் பொண்ணு சோத்துல வெச்ச கையை எடுக்காம அப்படியே உக்காந்திருக்கான்னு ஒரு வரி போதும்.

அஞ்சு வயசு தம்பி ஒருத்தனை சேத்துக்கோ. சின்ன பசங்க பயந்ததை விளையாட்டுல திரும்பத் திரும்ப ஆடிக் காட்டுவாங்க. அவன் பக்கத்து வீட்டு பசங்களோட "அக்காவை காணோம்" விளையாட்டு ஆடட்டும், நடுவுல யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை உளறட்டும். டாக்டர் ஒரே சிட்டிங்ல சரி பண்ற சீனை தூக்கிடு, ப்ளீஸ்.

கேள்வி: நாலாவது அத்தியாயத்துல இன்ஸ்பெக்டர் பொண்ணை ராத்திரி ஸ்டேஷன்ல உக்கார வெச்சு விசாரிக்கறார். ஓகேவா? (அதே வாசகி)

பதில்: போக்சோ, அதாவது குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான சட்டம், அந்த வழக்குன்னா அடி வாங்குவம்மா. 2012-ல வந்த அந்த சட்டப்படி குழந்தை இருக்கற இடத்துக்கே போய், முடிஞ்சவரைக்கும் எஸ்.ஐ.க்கு குறையாத பெண் போலீஸ், யூனிஃபார்ம் இல்லாம வாக்குமூலம் வாங்கணும், ராத்திரில ஸ்டேஷன்ல வெக்கவே கூடாது. பேரு, போட்டோ, ஸ்கூல் எதையும் பத்திரிகை போடக்கூடாது. புகார் குடுத்தப்போ "ரெண்டு நாள் பாத்துட்டு வாங்க"ன்னு ஸ்டேஷன் ரைட்டர் திருப்பி அனுப்பற சீன் இருக்கட்டும், ஆனா அது தப்புன்னு வீட்டுல யாருக்காவது தெரியணும், ஏன்னா குழந்தை காணோம்னு புகார் வந்தா கடத்தல்னு எடுத்துக்கிட்டு எஃப்.ஐ.ஆர் போடணும்னு 2013-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. யூனிஃபார்ம் போடாம ஒரு போலீஸ் அம்மா வீட்டுக்கு வந்து பாய்ல உக்காந்து டீ குடிச்சுட்டு மெதுவா கேக்கறது உன் ஸ்டேஷன் சீனை விட பயமா இருக்கும், எழுதிப் பாரு.

கேள்வி: பாஷையை எப்படி எழுதறது? நான் பொறந்தது மதுரை. (அதே வாசகி தான், மன்னிக்கணும் அக்கா)

பதில்: வரிக்கு வரி "இன்னா நைனா" போடாத, அது சினிமாக்காரங்க வெச்ச வடசென்னை, கூடவே அருவாளும் வந்துடும். உன் கதைல பாட்டி மட்டும் "இன்னாம்மே, துன்னியா?"ன்னு கேக்கட்டும். பொண்ணு வந்த முதல் நாள் கேக்கட்டும், அவ பதில் சொல்ல மாட்டா. பதில் சொல்ற நாளை நீ முடிவு பண்ணு, தடை முடியறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்கு எழுது.