எண்டோஸ்கோபி நார்மல், கொலோனோஸ்கோபி நார்மல்… ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ஆறு மாதமாக ரத்தசோகை. ஹீமோகுளோபின் 7.6-க்கு இறங்கியதால் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், இரும்புச்சத்து ஊசியும் போட்டார்கள். மறுபடியும் குறைந்துவிட்டது. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டிலும் ஒன்றும் இல்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிக்கிற வலி, சில நாள் வாந்தி. எடை 7 கிலோ குறைந்திருக்கிறது. சாதாரண சி.டி. ஸ்கேனில் 'ஜெஜூனத்தில் (சிறுகுடலின் நடுப்பகுதி) 5 செ.மீ. நீளத்துக்குச் சுவர்த் தடிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் குடல் டி.பி.யாக இருக்கலாம், மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார். இன்னொருவர் சிறுகுடல் புற்றுநோயோ என்று சந்தேகப்படுகிறார். கேமரா மாத்திரை விழுங்கினால் தெரிந்துவிடுமா? புற்றுநோய் என்றால் எனக்கும் வருமா?

பதில்: கேமரா மாத்திரையை அப்பா இப்போதைக்கு விழுங்கக் கூடாது. சாப்பிட்டதும் வலி, இடையிடையே வாந்தி, ஸ்கேனில் தடிப்பு, இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால் அந்த இடத்தில் குடல் குறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாத்திரை சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. பருமன். வயிற்றில் கரையாது. குறுகலில் சிக்கினால் அதை வெளியே எடுக்கவே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பொதுவாக நூறு பேரில் ஒருவர், இருவருக்கே அப்படிச் சிக்கும். அடைப்பின் அறிகுறி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடும். சிக்கிய மாத்திரை உள்ளே இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கவும் முடியாது. தவிர, அதனால் படம்தான் எடுக்க முடியும், சதை எடுக்க முடியாது. அப்பாவுக்கு இப்போது தேவைப்படுவது சதைத் துண்டுதான்.

இரண்டு ஸ்கோப்பும் நார்மல் என்றால் குடல் முழுவதும் நார்மல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வாய் வழியாகப் போகும் சாதாரண எண்டோஸ்கோபி, சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தின் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். கீழிருந்து போகும் கொலோனோஸ்கோபி, சிறுகுடலின் இறுதிப் பகுதியான இலியத்தின் கடைசிச் சில சென்டிமீட்டரை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். நடுவில் ஏறக்குறைய 5, 6 மீட்டர் சிறுகுடலை இரண்டு கருவியும் பார்ப்பதே இல்லை. ஜெஜூனம் அந்தப் பகுதியில் இருக்கிறது.

உணவுப்பாதையின் நீளத்தில் முக்கால் பங்கு சிறுகுடல். ஆனாலும் உணவுப்பாதைப் புற்றுநோய்களில் 5 சதவீதத்துக்கும் குறைவுதான் அங்கே உண்டாகிறது. உள்ளே இருப்பது திரவம், வேகமாகக் கடந்துபோகிறது, பெருங்குடலோடு ஒப்பிட்டால் கிருமிகள் மிகக் குறைவு, நோய் எதிர்ப்புத் திசு மிக அதிகம் என்று இதற்குக் காரணங்கள் சொல்வார்கள். அரிதாக இருப்பதன் தொல்லை என்னவென்றால், யாருக்கும் முதலில் அது நினைவுக்கு வராது. அல்சர், மூலம், 'கேஸ் தொல்லை' என்று மாதங்கள் போய்விடும். திரவம்தான் ஓடுகிறது என்பதால் குடல் பாதிக்கு மேல் அடைபடும்வரை வலியும் பெரிதாக இருக்காது.

அதே சமயம், சிறுகுடலில் ரத்தம் கசிந்தாலே புற்றுநோய் என்றும் முடிவு கட்ட வேண்டாம். மூட்டுவலிக்கு வருடக்கணக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுகுடலில் புண்ணையும் வளையம் போன்ற குறுகலையும் உண்டாக்கும். கொக்கிப்புழு, கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய், டி.பி., ரத்தக்குழாய்க் கோளாறு எல்லாமே வரிசையில் உண்டு. அப்பா என்னென்ன மாத்திரை போட்டார் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது உட்பட ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்து எடுக்க வேண்டியது சி.டி. எண்ட்ரோகிராபி. இதுவும் சி.டி.தான், ஆனால் குடலை விரித்து வைத்து எடுப்பது. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு. பிறகு மானிட்டால் கலந்த தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை லிட்டரை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நிறுத்தாமல் குடிக்க வேண்டும். கடைசி டம்ளரை ஸ்கேன் மேசையில் ஏறும் முன் குடிக்கச் சொல்வார்கள். பிறகு கையில் சாய ஊசி. பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தக் குடிக்கும் கட்டத்தில்தான். பாதியில் நிறுத்தினாலோ இரண்டு மணி நேரம் இழுத்தாலோ குடல் காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி ஒட்டிக்கிடக்கும். ஒட்டிய குடல் தடித்த குடல் போலவே தெரியும், உள்ளே உண்மையில் கட்டி இருந்தால் அதை மறைத்தும் விடும். வெள்ளையாகத் தெரியும் பழைய வகைச் சாயத்தைக் குடித்து எடுத்த படமும் இதற்கு உதவாது, ரத்தக்கசிவும் உட்சுவர் மாற்றமும் அந்த வெள்ளையில் மறைந்துபோகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார் என்றால் சொல்லிவிடுங்கள். மானிட்டால் பேதி ஆக்கும், அன்று முழுக்க நீராகாரம் தாராளமாகக் கொடுங்கள். ஸ்கேன் நாளில் வாந்தி இருந்தாலோ வயிறு உப்பியிருந்தாலோ இந்தத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. அப்போது சாய ஊசி மட்டும் போட்டு எடுப்பதே சரி.

ஸ்கேன் அந்தத் தடிப்பை உறுதி செய்தால் பலூன் எண்டிரோஸ்கோபி. 2001-இல் ஜப்பான் மருத்துவர் ஹிரோனோரி யமமோட்டோ அறிமுகப்படுத்திய முறை இது. 2 மீட்டர் நீளமுள்ள ஸ்கோப், அதன் மேல் ஒரு உறைக்குழாய், நுனியில் பலூன். பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, மடித்து மடித்துப் பின்னுக்கு இழுத்தபடி முன்னேறுவார்கள். ஜெஜூனம் என்பதால் வாய் வழி. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தவேண்டும், அது உட்சுவரில் கருமையாகப் படிந்து பார்வையைக் கெடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போடுகிறவர் தானாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குடலில் ஓட்டை விழுவதும் கணைய அழற்சியும் அரிதான பக்கவிளைவுகள். முடித்த அன்றே மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். செய்யப்போகும் மருத்துவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சதை எடுத்த இடத்துக்கு அருகே மை ஊசி போட்டு அடையாளம் வைப்பீர்களா? பிறகு அறுவை சிகிச்சை என்றால், வயிற்றைத் திறந்ததும் எந்த மடிப்பு என்று தேடாமல் அந்தக் கறையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

டி.பி. மாத்திரையைச் சந்தேகத்தின் பேரில் ஆரம்பிப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. குடல் டி.பி. இங்கே சாதாரணம்தான், அதனால் அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டி.பி. பெரும்பாலும் இலியமும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பிடிக்கும். மாலைக் காய்ச்சல், வயிற்றில் நீர், பழைய நுரையீரல் தழும்பு போன்ற துணைச் சான்றுகளும் இருக்கும். 58 வயதில் ஜெஜூனத்தில் ஒரே ஒரு 5 செ.மீ. தடிப்பு, கூடவே ரத்தக்கசிவு என்றால் சதைப் பரிசோதனையும், டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் இல்லாமல் ஆறு மாத மாத்திரைக்குள் இறங்குவதை நான் ஏற்க மாட்டேன். மருந்து தொடங்கியதும் பசி கொஞ்சம் திரும்பினாலே 'கேட்கிறது' என்று தோன்றும், இரண்டு மாதம் கைநழுவிவிடும். சதை எடுக்கவே முடியாமல் டி.பி. மருந்து தொடங்க நேர்ந்தாலும் எட்டாவது வாரத்தில் மறுபடி படம் எடுத்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

கட்டிதான் என்று வந்தால் 'சிறுகுடல் புற்றுநோய்' என்ற பெயரோடு நிற்காதீர்கள். அந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு தனி நோய்கள் இருக்கின்றன. சிகிச்சை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

அடினோகார்சினோமா உட்சுவரிலிருந்து வருவது. டியோடினத்தில்தான் அதிகம், அடுத்து ஜெஜூனம். குடலை வளையமாக நெருக்கும். அப்பாவின் அறிகுறிகளோடு அதிகம் ஒத்துப்போவது இது. பாதித்த பகுதியை அதன் நிணநீர் முடிச்சுகளோடு வெட்டி எடுத்து இணைப்பார்கள். முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் கேபசிடபின், ஆக்சாலிபிளாட்டின் கீமோ. இந்த மருந்துத் திட்டம் பெரும்பாலும் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து இரவல் வாங்கியது, நோய் அரிதென்பதால் சிறுகுடலுக்கென்று பெரிய ஆய்வுகள் குறைவு. ஆக்சாலிபிளாட்டின் போட்ட நாட்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர், ஐஸ் கூடாது, தொண்டை இறுகி விரல்கள் மரத்துப்போகும்.

ஜிஸ்ட் என்பது தசைச் சுவரில் முளைப்பது. வெளிப்புறமாக வளர்வதால் ஸ்கோப்பில் உட்சுவர் நார்மலாகத் தெரியலாம், ஆனால் திடீரென்று நிறைய ரத்தம் போகும். ஸ்கேனில் உருண்டையாக, ரத்த ஓட்டம் மிகுந்து தெரிந்தால், எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், வயிற்றின் வெளியிலிருந்து ஊசி போட்டுச் சதை எடுக்காமல் நேரே அறுவை சிகிச்சைக்குப் போவதுதான் நல்லது. கட்டி உடைந்தால் வயிறெங்கும் சிதறிவிடும். வழக்கமான கீமோ இதற்கு வேலை செய்யாது. இமாட்டினிப் மாத்திரை, பெரும்பாலும் தினம் 400 மி.கி., சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் வைத்து. திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ளவர்கள் மூன்று வருடம் போட வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்குகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அந்த வீக்கம் பெரிய விஷயமில்லை, மாத்திரையை விடுவதுதான் பெரிய விஷயம்.

நியூரோஎண்டோகிரைன் கட்டி குடலில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வருவது. மெதுவாக வளரும், இலியத்தில் அதிகம், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலும் இருக்கும். முகம் சிவந்து சூடாவது, பேதி ஆகிய அறிகுறிகள் பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவிய பிறகே வரும். இதைச் சந்தேகித்துக் குரோமோகிரானின் ரத்தப் பரிசோதனை எழுதினால், வயிற்றுக்கென்று தினமும் போடும் பேண்டோபிரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று கேளுங்கள். அந்த மாத்திரையே அளவை ஏற்றிக் காட்டிப் பயமுறுத்தும். இதே கட்டிக்காக 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதினால், அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் வேண்டாம். பரவலைப் பார்க்க காலியம் டோட்டா பெட் ஸ்கேன் என்ற தனி ஸ்கேன் இருக்கிறது.

நான்காவது லிம்போமா, நிணநீர்த் திசுவிலிருந்து வரும் புற்றுநோய். இதற்குப் பெரும்பாலும் மருந்துதான் சிகிச்சை, அடைப்போ ஓட்டையோ இருந்தால் மட்டுமே கத்தி.

அறுவை சிகிச்சை ஆனால் பயாப்ஸி அறிக்கையில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: கட்டியின் வகை, வெட்டு ஓரங்கள் சுத்தமா, எத்தனை நிணநீர் முடிச்சு பார்த்தார்கள், எம்.எம்.ஆர். புரதச் சோதனை (டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது). ஜெஜூனம், இலியம் என்றால் எட்டு முடிச்சாவது பார்த்திருக்க வேண்டும். குறைந்தால் நோயின் கட்டத்தையே தவறாகக் கணிக்க நேரும். நியூரோஎண்டோகிரைன் என்றால் செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் 'கே.ஐ. 67' எத்தனை சதவீதம் என்பதும், ஜிஸ்ட் என்றால் அளவும் செல் பிரியும் எண்ணிக்கையும் கட்டாயம். ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனையில் மறுபரிசீலனைக்கும் புதிய சோதனைகளுக்கும் அது வேண்டும்.

ஜெஜூனத்தில் 30, 40 செ.மீ. போனால் அப்பாவின் சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவைப்படாது. இலியத்தின் கடைசிப் பகுதி 60 செ.மீ.க்கு மேல் போனவர்களுக்குத்தான் ஆயுள் முழுக்க பி-12 ஊசி வேண்டியிருக்கும்.

சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறைகள் உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே எது எது அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கைத் தாள் மட்டும் போதாது, குறுந்தகட்டில் இருக்கும் படங்களையும் கொண்டுபோங்கள்.

இதற்கிடையில் அரைத்த, மசித்த உணவாக, சிறிது சிறிதாக, ஐந்தாறு வேளை கொடுங்கள். கீரைத்தண்டு, முருங்கைக்காய், சக்கையோடு ஆரஞ்சு, கொய்யா வேண்டாம், குறுகலில் போய் அடைக்கும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. தார் போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றம் அடித்தால் அது ரத்தம். அதோடு தலைசுற்றல் வந்தாலோ, வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் வாந்தி தொடர்ந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

உங்களுக்கும் வருமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் வராது. விதிவிலக்குகள் உண்டு. அப்பாவுக்கு அடினோகார்சினோமா என்று வந்து எம்.எம்.ஆர். சோதனையில் புரதம் இல்லை என்று எழுதியிருந்தாலோ, குடும்பத்தில் 50 வயதுக்குள் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் வந்தவர் இருந்தாலோ லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது முதலில் ரத்த மரபணுச் சோதனை அப்பாவுக்கு. அவரிடம் மாற்றம் கண்டுபிடித்த பிறகே உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த ஒரே மாற்றத்தைத் தேடுவார்கள். வரிசையை மாற்றி உங்களுக்கு முதலில் செய்து 'இல்லை' என்று வந்தால், அந்த முடிவை நம்பி இருக்க முடியாது.