எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆக ஆசை, கையில் சப்போர்ட் வேலை: மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறாள். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வங்கி ஒன்றின் அப்ளிகேஷன் சப்போர்ட் வேலையாம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் கோளாறு வந்தால் பார்ப்பது. "நான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் ஆகணும், சப்போர்ட்டில் போய் உட்கார மாட்டேன்" என்கிறாள். எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்களுக்கான டோகாஃப் என்ற சான்றிதழ் பயிற்சிக்கு ஒரு மையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம், ஐயா. அதற்காக மகளின் ஆசையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம். ஆசை நல்ல ஆசைதான். அதற்குப் போகும் வழியைத்தான் யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரல் 1 அன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கி இணைந்தது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அமைப்புகளை என்ன செய்வது? ஒருவர் இரண்டு வங்கியிலும் கணக்கு வைத்திருந்தால் இனி அவருக்கு எந்த வாடிக்கையாளர் எண்? ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அப்ளிகேஷன்களில் எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது? ஏஎல்எல்ஏ என்று தொடங்கிய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் பிறகு ஐடிஐபி என்று மாறின. பழைய குறியீட்டை வைத்துச் சம்பளம் போட்ட கம்பெனி, வாடகை அனுப்பிய குடித்தனக்காரர், டிவிடெண்ட் வரவு வைத்த நிறுவனம் என்று அந்த ஒரு மாற்றம் எத்தனை இடங்களைத் தொட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள். எதைத் தொட்டால் எது ஆடும் என்று நிறுவனம் முழுவதையும் கணக்கில் எடுத்து, எதை எந்த வரிசையில் மாற்றுவது என்று சொல்வதுதான் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்டின் வேலை.

இதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைச் சொல்லலாம். 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். தரவுகள் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு தாங்கவில்லை. கிளை, தொலைபேசி, இணையம் எல்லாமே தடுமாறின. முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022-ல் கண்காணிப்பு அமைப்புகள் போட்ட அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல். மறு ஆண்டு, அப்போது தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவருக்கும் தனியாக அபராதம் விழுந்தது. இவ்வளவு பொறுப்புள்ள முடிவுகளில், கல்லூரியிலிருந்து நேராக வந்தவரை எந்த நிறுவனமும் உட்கார வைக்காது. பொதுவாகப் பத்துப் பதினைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு வரும் நாற்காலி அது.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த நாற்காலியில் பொறுப்பு அதிகம், நேரடி அதிகாரம் குறைவு. "இந்தப் புது அப்ளிகேஷன் வேண்டாம், ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்தலாம்" என்று ஆர்க்கிடெக்ட் சொல்வார். புராஜெக்ட் மேனேஜருக்கோ மூன்று மாதத்தில் முடித்தாக வேண்டும். பட்ஜெட்டும் அவர் கையில். ஒவ்வொரு துறையும் தன் எக்ஸெல் ஷீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பல நிறுவனங்களில் அழகாக வரைந்த வரைபடங்களை ஒரு கூட்டத்தில் காட்டுவதோடு சரி, பிறகு யாரும் திறப்பதில்லை. ஆறு மாதத்தில் அவை பழையதாகியும் விடும். ஆளோடு பேசி, கணக்குக் காட்டி, சம்மதிக்க வைக்கும் திறமைதான் இங்கே பாதி வேலை. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல்.

டோகாஃப் மோசமில்லை. ஓப்பன் குரூப் என்ற அமைப்பு 1995-ல் வெளியிட்டு, தொடர்ந்து புதுப்பித்துவரும் நடைமுறைத் தொகுப்பு அது. பெரிய நிறுவனங்கள் பல அதை மதிக்கின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தையும் உள்ளிருந்து பார்க்காதவருக்கு அது வெறும் மனப்பாடம். ஐந்தாறு வருடம் கழித்து எழுதட்டும். அப்போது கம்பெனியே கட்டணத்தைக் கொடுக்கவும் வாய்ப்புண்டு.

இப்போது அந்தச் சப்போர்ட் வேலைக்கு வருவோம். அதில் சேரச் சொல்லுங்கள். வங்கியில் இரவு நேரத்தில் அன்றைய கணக்கை முடிக்கும் பேட்ச், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக நடக்கும் கம்ப்யூட்டர் வேலைகளின் தொகுப்பு, ஓடும். ஒரு அப்ளிகேஷனிலிருந்து ஃபைல் வந்தால்தான் அடுத்தது ஓடும். இரவு இரண்டு மணிக்கு அது நின்றால் யாரை எழுப்ப வேண்டும், காலையில் எந்தக் கிளையில் எந்த வேலை நடக்காது என்பது சப்போர்ட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். சேர்ந்த முதல் வருடத்திலேயே, தான் பார்க்கும் அப்ளிகேஷனுக்கு எங்கிருந்து என்ன தகவல் வருகிறது, எங்கே போகிறது, யார் பயன்படுத்துகிறார்கள், நின்றால் எது நிற்கும் என்று ஒரே பக்கத்தில் வரையட்டும். 'ஆர்க்கி' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதிலேயே வரையலாம். நிறுவனத்தின் தகவல் வெளியே போகாமல், மேலாளரின் அனுமதியோடு அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதோடு கடன், டெபாசிட், பணப் பரிமாற்றம் என்று வங்கித் தொழிலையும் படிக்கட்டும். இரண்டு மூன்று வருடத்தில் டெவலப்மென்ட் அல்லது அப்ளிகேஷன்களை ஒன்றோடொன்று இணைக்கும் இன்டக்ரேஷன் பக்கம் நகரக் கேட்க வேண்டும். சப்போர்ட்டிலேயே தேங்கிவிடுவோமோ என்ற அவளுடைய பயம் நியாயமானது. எட்டு வருடம் டிக்கெட் மூடியே, அதாவது வரும் புகார்களைத் தீர்த்தே, ஓட்டியவர்களும் உண்டு. அதனால் சேரும்முன் எச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை மாதத்துக்குப் பிறகு உள்ளேயே வேறு பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம்? இத்தனை வருடம் விலகக் கூடாது என்ற பாண்ட் ஏதும் உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளட்டும்.