உரம், திடம், வைரம்: எதை எங்கே சொல்வது?

‘உறுதியான ஆள்’ என்பதற்கு இத்தனை சொல் எதற்கு, எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல.

திடம் உடம்புக்கும் மனதுக்கும் பொது. உரம் பெரும்பாலும் நெஞ்சோடு சேரும்: நெஞ்சுரம்.

எனக்குப் பிடித்தது வைரம்: முற்றிய மரத்தின் கெட்டியான பகுதி. எங்கள் குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டு வீட்டின் கூரையைத் தாங்கும் பனங்கையைப் பாருங்கள்; பனைமரத்தை அறுத்துச் செய்த சட்டம் அது. கறுத்து, ஆணி இறங்காமல் நிற்கும். வயதான பனையில்தான் அந்த வைரம் பாயும், அதுவும் வெளிப்புறத்தில். உள்ளே மெத்தென்ற வெறும் சோறு. பலாவுக்கு வைரம் உள்ளே. தொல்காப்பியம் இவற்றையே புறக்காழ், அகக்காழ் என்று பிரிக்கிறது; காழ் என்றால் வைரம். ‘வைரம் பாய்ஞ்ச கட்டை’ என்று ஒரு கிழவரைச் சொன்னால், காலம் அவரை இறுக்கியிருக்கிறது என்று பொருள். இளைஞனுக்கு அது பொருந்தாது.

தாக்குப்பிடிப்பது வேறு. 2017 ஒக்கிப் புயலில் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கடலில் மிதந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். விழுந்தபின் எழுவதுதான் மீண்டெழுதல்: 2004 சுனாமி எங்கள் கடற்கரையின் மணக்குடிப் பாலத்தையே அடித்துப்போனது; அந்தக் கரையில் மறுபடி வலை காய்ந்தது.

‘கல்நெஞ்சு’ மட்டும் பாராட்டில்லை. அது இரக்கமின்மை.