அமேசான் காட்டில் எத்தனை இரவு தங்கலாம்?

கேள்வி: வரும் ஆகஸ்டில் நானும் கணவரும் பெரு போகிறோம். மொத்தம் 12 நாள். மச்சு பிச்சு கட்டாயம் உண்டு. கூடவே அமேசான் மழைக்காட்டையும் பார்த்துவிட ஆசை. டூர் ஏஜென்சி 3 நாள்/2 இரவு, 4 நாள்/3 இரவு, 5 நாள்/4 இரவு என்று மூன்று திட்டம் அனுப்பியிருக்கிறது. மூன்றுமே தம்போபாத்தா பகுதியில். ஏற்கெனவே போய்வந்த தோழி, "ரெண்டு நாளே ஜாஸ்தி, வெறும் மரம்தான்" என்கிறாள். கணவருக்குக் கொசுவை நினைத்தாலே பயம். எதை எடுப்பது?

பதில்: 4 இரவு. அது முடியாவிட்டால் 3. இரண்டு இரவுத் திட்டம் வேண்டாம் என்பேன். அதுதான் முடியும் என்ற நிலை வந்தால் என்ன செய்யலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏஜென்சிக்காரர்கள் நாளை எண்ணுவார்கள். நான் விடியலை எண்ணுவேன். காட்டில் பார்க்கத்தக்கது பெரும்பாலும் காலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் நடந்துவிடும். அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் பறவையும் குரங்கும் அடங்கிவிடும், நீங்களும் விடுதித் திண்ணையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கில் அந்த 3 நாள்/2 இரவைப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் மதியவாக்கில், தம்போபாத்தாவுக்குப் போக இறங்க வேண்டிய ஊரான புவேர்ட்டோ மால்டொனாடோவில் விமானம் இறங்கும். அங்கிருந்து வேனில் படகுத்துறை, பிறகு ஆற்றை எதிர்த்து இரண்டு மூன்று மணி நேரம் படகு. விடுதிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மூன்றாம் நாள் விமானத்தைப் பிடிக்க வேண்டுமே என்று விடிந்தும் விடியாமலும் மறுபடி படகில் ஏற்றிவிடுவார்கள். மிஞ்சுவது ஒரே ஒரு காலை. 3 இரவு என்றால் இரண்டு காலை, 4 இரவு என்றால் மூன்று. ஏஜென்சி விலைப்பட்டியலில் நிறையப் பணம் படகுக்கும் வேனுக்கும் போகிறது. எத்தனை நாள் தங்கினாலும் அந்தச் செலவு ஏறக்குறைய அதேதான். அதனால் கூடுதல் இரவு ஒவ்வொன்றும் முதல் இரண்டு இரவை விட மலிவாகத்தான் வரும்.

மூன்று காலை எதற்கு? தம்போபாத்தாவுக்குப் பலரும் போவதே 'கொல்பா' என்ற களிமண் சரிவைப் பார்க்கத்தான். ஆற்றோரம் செங்குத்தாக வெட்டுப்பட்டு நிற்கும் செம்மண் கரை அது. உப்புச் சத்துக்காகக் கிளிகள் அந்த மண்ணைத் தின்ன வருகின்றன. கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் மேற்கு அமேசானில் சோடியம் கிடைப்பது அரிது. நாலரை மணி இருட்டில் படகேறி, எதிர்க்கரையில் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருப்பீர்கள். முதலில் சின்னக் கிளிகள் கூட்டமாக வந்து வட்டமடிக்கும். பிறகு பஞ்சவர்ணக்கிளிகள் ஜோடி ஜோடியாக வந்து மர உச்சியில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும், ஆனால் எதுவும் இறங்காது. அரை மணி நேரம்கூட இப்படிப் போகும். திடீரென்று ஒன்று மட்டும் இறங்கி மண்ணைக் கவ்வும். அடுத்த சில நிமிடத்தில் சரிவே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மாறிவிடும். ஒரு பருந்தின் நிழல் விழுந்தால் போதும், மொத்தமும் பறந்துவிடும், சில சமயம் அன்றைக்குத் திரும்பி வரவே வராது.

மழை பெய்தாலும் கிளிகள் பெரும்பாலும் வராது. மூன்றில் ஒரு காலை கெட்டுப்போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரே காலைதான் கையில் என்றால் ஏமாறும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. இரண்டு காலை என்றால் ஒன்பதில் ஒன்று. மூன்று என்றால் இருபத்தேழில் ஒன்று. (மழை பிடித்தால் அடுத்தடுத்த நாளும் பெய்யும், அதனால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான்.)

ஆகஸ்டு அங்கே மழை குறைந்த காலம், அது உங்களுக்கு நல்லது. ஆனால் தெற்கிலிருந்து 'ஃப்ரியாஹே' என்ற குளிர்காற்று வருவதும் இந்த மாதங்களில்தான். முப்பது டிகிரியில் இருந்த காடு ஓரிரு நாளில் பத்து பதினைந்து டிகிரிக்கு இறங்கிவிடும். மிருகங்கள் சுருண்டுவிடும். நான் ஒருமுறை மழைக்காட்டுக்கு ஸ்வெட்டரா என்று சிரித்துவிட்டுப் போய், படகில் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கினேன். இரண்டு இரவுத் திட்டத்தில் போய் இதில் மாட்டினால் பயணம் மொத்தமும் அதிலேயே போய்விடும்.

தோழி சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. உச்சியில் இலைகள் கூரை போட்டிருப்பதால் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வரும். உயிர்கள் பெரும்பாலும் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில். முதல் நாள் யாருக்குமே பச்சைச் சுவர்தான் தெரியும். வழிகாட்டி கை காட்டுவார், நீங்கள் "எங்கே, எங்கே" என்பீர்கள். இரண்டாம் நாள் விடியுமுன் ஊளைக்குரங்குகளின் சத்தம் கேட்டு, ஏதோ புயல் வருகிறது என்று எழுந்து உட்கார்வீர்கள். மூன்றாம் நாள்தான், காற்றே இல்லாதபோது ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே குரங்கு இருக்கிறது என்று உங்கள் கண்ணே சொல்லும். தோழி அந்த மூன்றாம் நாளுக்கு முன்பே கிளம்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லாக் காட்டுக்கும் இதே கணக்கு இல்லை. போர்னியோவில் கினாபதாங்கான் ஆற்றங்கரைக்கு இரண்டு இரவே போதும். அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காடு ஆற்றை ஒட்டி மெல்லிய பட்டையாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மிருகங்களுக்கு ஒதுங்க வேறு இடம் இல்லாததால் படகிலிருந்தே பார்த்துவிடலாம். பெருவிலேயே மானு தேசியப் பூங்காவுக்கு இதற்கு நேர்மாறு. போக வரவே நாள் பிடிக்கும், ஐந்தாறு நாளுக்குக் குறைந்து யோசிக்கக் கூடாது. 12 நாளில் மச்சு பிச்சுவும் வேண்டுமென்றால் மானுவை விட்டுவிடுங்கள்.

இரண்டு இரவுக்கு மேல் முடியவே முடியாது என்றால், ஆற்றில் வெகுதூரம் போகும் விடுதி வேண்டாம். புவேர்ட்டோ மால்டொனாடோவுக்குப் பக்கத்தில் சாண்டோவால் ஏரி இருக்கிறது. ஆறு தடம் மாறியபோது துண்டுபட்டுப் போன வளைவு, பள்ளியில் குருட்டு ஆறு என்று படித்திருப்போமே, அதுதான். ஆள் நீளத்துக்கு வளரும் ராட்சத நீர்நாய்கள் அங்கே உண்டு. துடுப்புப் படகில் ஒரு காலை, ஒரு மாலை. கொல்பாவை மறந்துவிட வேண்டியதுதான்.

நாலு இரவுக்கு மேல் நீட்டுவதற்கும் நான் ஆதரவில்லை. ஐந்தாம் நாள் ஒரே விடுதியின் தடங்கள் திரும்ப வர ஆரம்பிக்கும். துவைத்த சாக்ஸ் காயவே காயாது, ஈர ரப்பர் பூட்ஸுக்குள் காலை விடும்போதே வீட்டு நினைப்பு வரும்.

நாட்களை இப்படிப் பிரியுங்கள்: லிமாவில் ஒரு நாள், குஸ்கோவும் மச்சு பிச்சுவும் ஐந்து நாள், காடு ஐந்து நாள், கடைசி நாள் மறுபடி லிமா. குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள். அங்கிருந்து புவேர்ட்டோ மால்டொனாடோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். காட்டிலிருந்து வெளியே வரும் அன்றே ஊருக்கு விமானம் போட்டுவிடாதீர்கள்.

கொசு விஷயத்தில் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். இரண்டு இரவானாலும் நாலு இரவானாலும் முன்னேற்பாடு அதேதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டால்தான் சான்றிதழ் செல்லும். திரும்பி வரும்போது சில நாடுகள் அதைக் கேட்கும். மலேரியா மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். பொழுது சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை, படுக்கையில் வலை. அங்கே மணல் ஈயும் உண்டு. ஊர் திரும்பிய பிறகு கடிவாயில் ஆறாத புண் வந்தால் சும்மா விடாமல் மருத்துவரிடம் காட்டி, அமேசான் போனதையும் சொல்லுங்கள்.

பணம் கட்டுமுன் ஏஜென்சியிடம், விடுதியிலிருந்து கொல்பாவுக்கு எவ்வளவு நேரம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், கடைசி நாள் படகு எத்தனை மணிக்கு என்பது. ஐந்து மணி என்றால், மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். படகு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனால் அதே பணத்துக்கு இன்னொரு காலை கிடைத்துவிடும்.